உணவா, மருந்தா? கல்லீரல் கூறும் வரலாறு

அறிவியல் வரலாற்றில் 1913ஆம் ஆண்டுக்குத் தனி இடம் உண்டு. வெண்ணெயிலும் முட்டைக் கருவிலும் கொழுப்பில் கரையும் ஒரு பொருள் இருக்கிறது, அது இல்லாவிட்டால் எலிக்குஞ்சுகள் வளர்வதில்லை என்பதை அவ்வாண்டில் எல்மர் மெக்காலம், மார்கெரிட் டேவிஸ் என்னும் இருவர் வெளியிட்டனர். இவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். அப்பொருளே பின்னர் வைட்டமின் ஏ எனப் பெயர் பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில்தான், அதாவது 1912இல், போலந்து நாட்டவரான காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்ற சொல்லையே உருவாக்கியிருந்தார்.

அதே 1913ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், உலகின் மறுகோடியில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. டக்ளஸ் மாசன் தலைமையில் அண்டார்டிகாவை ஆராயச் சென்ற குழுவில் சேவியர் மெர்ட்ஸ் என்னும் சுவிட்சர்லாந்து இளைஞர் இருந்தார். உடன் சென்ற ஒருவரும், உணவுப் பொருள்களில் பெரும்பகுதியும் பனிப்பிளவில் விழுந்து மறைந்தபின், மாசனும் மெர்ட்ஸும் சறுக்குவண்டி இழுத்த நாய்களையே கொன்று உண்ண வேண்டியதாயிற்று. இறைச்சி நாராக இருந்தது. கல்லீரல் மட்டும் மென்மையாக இருந்தது. சில வாரங்களில் இருவருக்கும் தோல் உரிந்தது, முடி கொட்டியது. மெர்ட்ஸ் சித்தம் கலங்கி உயிர் துறந்தார். மாசன் தட்டுத்தடுமாறி முகாம் வந்து சேர்ந்தார்.

இதற்கு விளக்கம் கிடைக்க 56 ஆண்டுகள் ஆயின. நாயின் கல்லீரலில் மிகுதியாகச் சேர்ந்திருந்த வைட்டமின் ஏ-யே மெர்ட்ஸின் உயிரைக் கொண்டது என்று 1969இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் கருத்துத் தெரிவித்தனர். பட்டினியும் குளிரும் காரணம் என்போரும் உண்டு. ஆயினும், துருவப் பகுதி விலங்குகளின் கல்லீரல் நஞ்சாகக் கூடும் என்பதில் ஐயமில்லை. 1597இல் வில்லெம் பாரென்ட்ஸ் என்னும் டச்சு மாலுமியின் ஆட்கள் பனிக்கரடியின் கல்லீரலைத் தின்று, தலை முதல் கால் வரை தோல் உரிந்து துன்புற்றனர். 1943இல் ரோடால், மூர் என்னும் இருவர் அக்கல்லீரலை ஆராய்ந்தனர். அதன் ஒரு கிராமிலேயே 10,000 அலகுகளுக்கும் மேலாக வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டனர். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 3,000 அலகுகளே.

ஒரு பொருளை உயிர்காக்கும் சத்து என்று உலகம் அறிந்த அதே ஆண்டில், அப்பொருளே ஓர் உயிரை வாங்கியிருக்கக் கூடும். அடுத்து வந்த நூறாண்டுகளில் சத்து மாத்திரை பெருவணிகமாக வளர்ந்தது. 'சத்து' என்ற பெயரைக் கண்டவுடன் அது தீங்கற்றது என்று மக்களும் நம்பினர், சட்டமும் நம்பியது. அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்த உறுப்பு கல்லீரல்.

எல்லாவற்றுக்கும் முதற் சாவடி

ஏன் கல்லீரல்? காரணம் அதன் இருப்பிடத்திலேயே இருக்கிறது. நாம் விழுங்குவதில் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்பட்டபின் நேரே இதயத்துக்குச் செல்வதில்லை. கல்லீரல் போர்ட்டல் சிரை என்னும் குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்கே செல்கிறது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள அவ்வுறுப்புக்கு நிமிடந்தோறும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் வருகிறது. அதில் முக்கால் பங்கு குடற்பகுதியிலிருந்து வருவது. ஊருக்குள் நுழையும் சரக்கையெல்லாம் சோதிக்கும் சுங்கச் சாவடி போன்றது அது.

சாவடியில் நடக்கும் வேலை என்ன? கொழுப்பில் கரையும் அயற்பொருள்களை நீரில் கரையும்படி மாற்றினால்தான் உடலிலிருந்து வெளியேற்ற இயலும். இதற்கான முதற்படியைச் செய்யும் நொதிகளின் குடும்பத்துக்கு சைட்டோகுரோம் பி-450 என்று பெயர். இப்பெயரில் இயற்பியல் மாணவர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. இந்நொதி கார்பன் மோனாக்சைடுடன் சேர்ந்த நிலையில் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாக உட்கவர்கிறது. நிறமாலையில் இது நீலப் பகுதி. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிய அறிஞர்கள் ஒமுராவும் சாட்டோவும் அதன் தன்மையை ஆராய்ந்து, அந்த எண்ணையே பெயரில் வைத்துவிட்டனர்.

இந்நொதிகள் அயற்பொருளின் மூலக்கூறில் ஆக்சிஜன் அணுவைச் சேர்க்கின்றன. பெரும்பாலும் விளைபொருள் தீங்கற்றது. சில வேளைகளில் மட்டும், இடையில் தோன்றும் மூலக்கூறு தொடக்கப் பொருளைவிட வினைவேகம் மிக்கதாகி, அருகிலுள்ள கல்லீரல் செல்லின் புரதங்களையே பற்றிக் கொள்கிறது. நஞ்சை முறிக்கும் பட்டறையிலேயே நஞ்சு பிறந்துவிடுகிறது.

கல்லீரல் வலியை எளிதில் காட்டாத உறுப்பு. பாதிப்பு முற்றிய பிறகே கண் மஞ்சளாகும், சிறுநீர் அடர் நிறமாகும். செல்கள் சிதையும்போது அவற்றினுள் இருக்கும் டிரான்ஸ்அமினேஸ் நொதிகள் இரத்தத்தில் கசிகின்றன என்பதையும், அவற்றை ஒளிமானியால் அளக்க இயலும் என்பதையும் 1950-களின் நடுவில் ஆர்தர் கார்மனும் அவர் தோழர்களும் காட்டினர். இன்று மருத்துவமனைகளில் செய்யப்படும் கல்லீரல் பரிசோதனைக்கு அதுவே அடிப்படை.

பெயரைப் பார்த்த சட்டம்

இனிச் சட்டத்தின் கதைக்கு வருவோம். சத்து மாத்திரை வணிகம் மிகப் பெரிதாக வளர்ந்த நாடு அமெரிக்கா. ஆகவே அந்நாட்டின் வரலாற்றைப் பார்ப்பதே தகும்.

1937இல் அங்கே ஒரு கொடுமை நிகழ்ந்தது. சல்ஃபனிலமைடு என்னும் நல்ல மருந்தைத் திரவ வடிவில் விற்க விரும்பிய ஒரு நிறுவனம், அதை டை எத்திலீன் கிளைக்காலில் கரைத்து 'எலிக்ஸிர்' என்ற பெயரில் விற்றது. அந்தக் கரைப்பான் ஒரு நஞ்சு. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள். அரசு நடவடிக்கை எடுக்க முற்பட்டபோது, நஞ்சை விற்றதற்காகத் தண்டிக்க 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை. 'எலிக்ஸிர்' என்றால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, எனவே பெயர் தவறு என்ற ஒரே காரணத்தைக் கொண்டே சரக்கைக் கைப்பற்றினர்!

இந்த அவலத்தின் விளைவாக 1938இல் புதிய சட்டம் பிறந்தது. புது மருந்தை விற்குமுன் அது தீங்கற்றது என்பதற்கான சான்றுகளை உற்பத்தியாளரே அரசிடம் அளிக்க வேண்டும் என்று அது விதித்தது. தாலிடோமைடு மருந்தால் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உறுப்புக் குறையுடன் பிறந்தபின், 1962இல் சட்டம் மேலும் இறுகிற்று. மருந்து பயன் தரும் என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும் என்றானது. இவ்வாறு மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவர் தோளில் ஏறியது.

ஆனால் உணவுக்கு இந்த விதிகள் இல்லை. அரிசிக்கும் ஆப்பிளுக்கும் யார் முன்சான்று கேட்பார்? சத்து மாத்திரைகள் உணவின் பக்கத்திலேயே நின்றன. 1970இல், இரு முறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், வைட்டமின் சி-யை மிக உயர்ந்த அளவில் உட்கொள்ளுமாறு பரிந்துரைத்து நூல் எழுதினார். பெரிய அளவு நல்லது என்ற எண்ணம் பரவிற்று. தேவைக்கு மிகையான வைட்டமின் சி-யில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். வைட்டமின் ஏ அப்படியன்று. கொழுப்பில் கரையும் அப்பொருள் கல்லீரலின் சிறப்புச் செல்களில் தேங்குகிறது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மிகையாகத் தேங்கினால் அந்தச் செல்கள் நார்ப்புரதத்தை உண்டாக்கத் தொடங்கும். அதன் முடிவு, மது அருந்துவோருக்கு வரும் அதே சிரோசிஸ் என்னும் கல்லீரல் இறுக்க நோய்.

உயர் அளவு வைட்டமின்களை மருந்தாகவே கருத வேண்டும் என்று 1973இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விதி வகுத்தது. எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. செனட் உறுப்பினர் வில்லியம் பிராக்ஸ்மயர் கொண்டுவந்த திருத்தம் 1976இல் நிறைவேறியது. அளவு மிகுதி என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு வைட்டமினை மருந்து எனக் கூறக்கூடாது என்றது அத்திருத்தம். எது மருந்து என்பதை அளவு முடிவு செய்வதில்லை, பெயரே முடிவு செய்கிறது என்று சட்டம் சொல்லிவிட்டது.

பிரான்சில் ஓர் எச்சரிக்கை

இந்நிலையில், கடலுக்கு அப்பால் பிரான்சில் ஒரு பாடம் கிடைத்தது. ஜெர்மாண்டர் என்பது நம் துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு மூலிகை. அதைக் கொதிநீரில் இட்டுக் குடிப்பது ஐரோப்பாவில் நெடுங்காலப் பழக்கம். 1980-களின் பிற்பகுதியில் அதன் தூளை உறையில் அடைத்து, உடல் மெலிய உதவும் என்று பிரான்சில் விற்கலாயினர். விரைவில் மருத்துவர்களிடம் மஞ்சள் காமாலை நோயாளிகள் வந்தனர். வைரஸ் காரணம் அன்று, மதுவும் அன்று. உறைகளை நிறுத்தியதும் நோய் தணிந்தது. குணமான பின் மீண்டும் உட்கொண்ட சிலருக்கு நோயும் மீண்டும் வந்தது. காரணத்தை அறிய இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 25க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபின், 1992இல் பிரான்சு அதைத் தடை செய்தது.

அந்த மூலிகையிலுள்ள டைடெர்ப்பீன் வகைப் பொருளை, நாம் மேலே கண்ட பி-450 நொதிகளில் ஒன்று வினைவேகம் மிக்க எப்பாக்சைடாக மாற்றிவிடுகிறது என்பது பின்னர் ஆய்வுக் கூடத்தில் தெளிவாயிற்று. 'நெடுங்காலமாக மக்கள் பயன்படுத்தி வருவது' என்ற சான்று எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. நூறு பேர் எப்போதோ ஒரு கோப்பை குடித்ததும், ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் உறை உறையாக விழுங்குவதும் ஒரே சோதனை அல்ல. மேலும், பல்லாயிரத்தில் ஒருவருக்கு வரும் காமாலையை அந்த மூலிகையோடு முடிச்சுப் போட்டுப் பார்க்க முற்கால வைத்தியருக்கு வழியும் இல்லை.

1994ஆம் ஆண்டின் திருப்பம்

பிரான்சு தடை விதித்து இரண்டே ஆண்டுகளில் அமெரிக்கா நேர் எதிர்த் திசையில் சென்றது. 1993இல் அங்கே தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. புகழ்பெற்ற நடிகர் மெல் கிப்சனின் வீட்டுக்குள் ஆயுதம் ஏந்திய அரசுப் படை புகுகிறது. அவர் வைத்திருந்ததோ வைட்டமின் சி மாத்திரை! 'உங்கள் வைட்டமினைப் பறிக்கப் போகிறார்கள்' என்ற அச்சம் நாடெங்கும் ஊட்டப்பட்டது. 1994 அக்டோபர் 25ஆம் நாள் அதிபர் பில் கிளிண்டன் துணையுணவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அச்சட்டத்தின்படி வைட்டமின், தாது உப்பு, மூலிகை, அமினோ அமிலம், இவற்றின் சாறு, செறிவு அனைத்தும் உணவின் ஒரு வகையே. விற்குமுன் ஒப்புதல் வேண்டியதில்லை. 1994 அக்டோபர் 15க்கு முன் சந்தையில் இருந்த பொருள்கள் அப்படியே தொடரலாம். புதுப்பொருள் எனில் 75 நாள்களுக்கு முன் அறிவிப்புக் கொடுத்தால் போதும். தீங்கு உண்டு என்று தடை செய்ய விரும்பினால் அதை மெய்ப்பிக்க வேண்டியது அரசு. 1938இல் விற்பவர் தோளில் ஏறிய சுமை, இங்கே அரசின் தோளுக்கு மாறியது. உண்மையில் அது உண்பவரின் கல்லீரலுக்கு மாறியது என்றே சொல்ல வேண்டும்.

1994இல் ஏறத்தாழ 4,000 பொருள்கள் சந்தையில் இருந்தன. கால் நூற்றாண்டில் அது 50,000ஐத் தாண்டிவிட்டது. எபிட்ரா என்னும் மூலிகை இதயத்துக்குக் கேடு செய்வதை அறிந்து, 1997இலேயே கட்டுப்பாடு கொண்டுவர நிர்வாகம் முயன்றது. தடை நடைமுறைக்கு வந்தது 2004இல்தான். கடுமையான பக்கவிளைவுகள் பற்றித் தமக்கு வரும் புகார்களை உற்பத்தியாளர்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டமே 2006இல்தான் வந்தது.

ஹவாய் தீவில் ஏழு பேர்

2013 செப்டம்பர் 9ஆம் நாள் ஹவாய் மாநில நலத்துறைக்கு ஒரு செய்தி வந்தது. கடுமையான கல்லீரல் அழற்சியுடன் ஏழு பேர், காரணம் தெரியவில்லை. அதுவரை நலமாக இருந்தவர்கள். விசாரித்தபோது எழுவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: உடல் மெலியவும் தசை வலுக்கவும் விற்கப்பட்ட 'ஆக்ஸி எலைட் புரோ' என்னும் துணையுணவை அனைவரும் உட்கொண்டிருந்தனர். நோயாளிகள் ஒரே மருத்துவமனையில் வந்து சேர்ந்ததால்தான் மருத்துவர்களுக்கு ஐயம் எழுந்தது. பரந்த நிலப்பரப்பில் ஊருக்கு ஒருவராகச் சிதறியிருந்தால் தனித்தனி நோயாகவே அவை போயிருக்கக் கூடும்.

அப்பொருளின் பழைய கலவையில் டி.எம்.ஏ.ஏ. என்னும் ஊக்கி இருந்தது. அதன்மேல் நிர்வாகம் எச்சரிக்கை விடுத்ததும், நிறுவனம் கலவையை மாற்றி எகேலின் என்னும் வேறொரு பொருளைச் சேர்த்தது. இப்பெயரின் மூலம் நமக்கு அயலானது அன்று. சிவன் கோயில்தோறும் நிற்கும் வில்வ மரத்தின் தாவரவியற் பெயர் ஈகிள் மார்மெலோஸ். அதன் இலையிலிருந்து முதலில் பிரிக்கப்பட்டதால் எகேலின் என்று பெயர். ஆனால் புட்டிகளில் இருந்தது இலையிலிருந்து எடுத்தது அன்று. தொழிற்சாலையில் செயற்கையாகச் செய்தது. புதுப்பொருளுக்கான 75 நாள் முன்னறிவிப்பும் கொடுக்கப்படவில்லை என்று நிர்வாகம் அக்டோபரில் குற்றஞ்சாட்டியது. நவம்பரில் சரக்குத் திரும்பப் பெறப்பட்டது.

பல மாநிலங்களிலும் கணக்கெடுத்தபோது பாதிக்கப்பட்டோர் 97 பேர் என்று தெரிந்தது. அவர்களில் 47 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், மூவருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்த நேர்ந்தது, ஒருவர் இறந்தார். எகேலின்தான் காரணமா, கலவையின் வேறு கூறா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. விற்குமுன் சோதித்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய அந்தக் கேள்வி, இன்று வாதமாக நிற்கிறது. 2019இல் அந்நிறுவனம் தவறான விவரத்துடன் பொருளை விற்றதாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

கணக்கெடுத்தவர்கள் கண்டது

மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பை முறையாகப் பதிவு செய்ய, அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆதரவில் மருத்துவமனைகளின் கூட்டமைப்பு ஒன்று 2003இல் தோன்றியது. 2004 முதல் 2013 வரை அதில் பதிவான 839 பேரில் 130 பேரின் பாதிப்புக்குக் காரணம் மூலிகை அல்லது துணையுணவு. தொடக்க ஆண்டுகளில் 7 விழுக்காடாக இருந்த இப்பங்கு, இறுதியில் 20 விழுக்காடாகியது. உடற்கட்டுக்கென விற்கப்பட்டவற்றை உட்கொண்ட இளைஞர்களுக்குக் காமாலை மூன்று மாதம் வரை நீடித்தது, ஆயினும் பிழைத்தனர். பிற துணையுணவுகளால் பாதிக்கப்பட்டோரில் 13 விழுக்காட்டினர் இறந்தனர் அல்லது மாற்றுக் கல்லீரல் பெற்றனர். வழக்கமான மருந்துகளால் பாதிக்கப்பட்டோரில் அது 3 விழுக்காடே.

அதே கூட்டமைப்பு நோயாளிகளிடமிருந்து புட்டிகளைப் பெற்று வேதிப் பகுப்பாய்வு செய்தது. விவரச் சீட்டு ஒட்டிய 203 பொருள்களில் சீட்டில் உள்ளபடியே சரக்கு இருந்தவை 90 மட்டுமே.

மஞ்சளும் தேயிலையும்

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது நம் பழமொழி. வைட்டமின் ஏ-யின் கதைக்கு அது முற்றிலும் பொருந்தும். எவர் உண்டாலும், போதிய அளவு மிகையாக உண்டால் தீங்கு உறுதி. ஆனால் பச்சைத் தேயிலைச் செறிவின் கதை வேறு. ஒரே புட்டியை ஆயிரம் பேர் உண்ண, ஒருவருக்கும் ஒன்றும் நேராமல் போகலாம்; பின்னர் எங்கோ ஒருவர் கல்லீரல் செயலிழந்து கிடக்கலாம்.

தேயிலையில் இ.ஜி.சி.ஜி. என்னும் பாலிஃபீனால் இருக்கிறது. கோப்பையில் வடித்துக் குடிக்கும் பச்சைத் தேநீர் பொதுவாகப் பாதுகாப்பானது என்றே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் முடிவு கூறியது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் துணையுணவாக எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயரக் கூடும் என்றும் அது எச்சரித்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த அளவுக்குக் கீழே வரம்பு கட்டியது. வெயில் நம் கையில் பட்டால் இதமான சூடு. அதே வெயிலைக் குவிலென்சால் ஒரு புள்ளியில் குவித்தால் தாள் தீப்பற்றும். செறிவு என்பது ஒளிக்கு மட்டும் உரிய செய்தி அன்று.

மஞ்சளையும் பார்ப்போம். மஞ்சள்தூளில் குர்க்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடு. குழம்பிலும் பாலிலும் நாம் சேர்ப்பது சில பத்து மில்லிகிராம் குர்க்குமினே. அதிலும் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும். இந்தத் தடையைக் கடக்க வழி உண்டா என்று பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் சோதித்தனர். மிளகிலுள்ள பைப்பெரின் 20 மில்லிகிராமைச் சேர்த்துக் கொடுத்தபோது, குர்க்குமின் உடலில் சேர்வது 2,000 விழுக்காடு கூடியது. வணிகர்கள் இதைப் பிடித்துக் கொண்டனர். செறிவூட்டிய குர்க்குமினும் பைப்பெரினும் சேர்ந்த உறைகள் உலகெங்கும் பரவின. உடல் இயல்பாக வைத்திருந்த கதவைத் திறந்துவிட்டால் கல்லீரலுக்கு வேலை கூடும் அன்றோ?

அமெரிக்கக் கூட்டமைப்பு 2022இல் மஞ்சள் துணையுணவால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றி வெளியிட்டது. ஐவர் மருத்துவமனையில் சேர்ந்தனர், ஒருவர் இறந்தார். பத்துப் பேரில் எழுவரிடம் எச்.எல்.ஏ.-பி 35:01 என்னும் மரபணு வடிவம் இருந்தது. பச்சைத் தேயிலைச் செறிவால் பாதிக்கப்பட்டோரில் 72 விழுக்காட்டினரிடம் அதே வடிவம். பொதுமக்களிடம் அது 11 விழுக்காடு அளவே. இந்த மரபணு நம் நோய்த் தடுப்பு மண்டலத்தின் அடையாளப் புரதங்களுள் ஒன்றுக்கு உரியது. எனவே, சிலரிடம் மட்டும் கல்லீரல் செல்களை உடலின் காவற்படையே தாக்குகிறது என்று கருத இடமுண்டு. அந்த வடிவத்தைக் கொண்டவரிலும் பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆகவே யாருக்கு வரும் என்று முன்கூட்டிக் கூற இன்னும் இயலாது.

இங்கே ஓர் எளிய கணக்கு உதவும். பத்தாயிரத்தில் ஒருவரைத் தாக்கும் தீங்கு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஆயிரம் பேரிடம் சோதித்தால் ஒருவருக்குக்கூட அது தோன்றாமல் இருக்க 90 விழுக்காடு வாய்ப்புண்டு. 95 விழுக்காடு உறுதியுடன் ஒருவரையேனும் காண முப்பதாயிரம் பேர் தேவை. 'நான் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்ற சான்றின் எடை எவ்வளவு என்பதை மாணவர்களே கணித்துக் கொள்ளலாம்.

நாம் செய்யத்தக்கது

இவற்றைப் படித்து எல்லாச் சத்து மாத்திரையையும் அஞ்சத் தேவையில்லை. குழந்தைகளின் கண்ணொளியைக் காக்க 1970 முதல் நம் நாட்டில் வைட்டமின் ஏ திரவம் அளவோடு கொடுக்கப்பட்டு வருகிறது. கருவுற்ற பெண்களுக்கு இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் தருகிறோம். இவற்றில் தேவை அறியப்பட்டுள்ளது, அளவு வரையறுக்கப்பட்டுள்ளது, கொடுப்பவர் பொறுப்பேற்கிறார். இம்மூன்றும் இல்லாதபோதுதான் ஆபத்து.

இந்தியாவில் துணையுணவுகள் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அதன்படி 2016இல் வகுக்கப்பட்ட விதிகள், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று' என்ற பொருள்படும் வாசகத்தைப் புட்டியின்மேல் அச்சிடச் சொல்கின்றன. இந்த வாசகத்தை இருவகையாகப் படிக்கலாம். நோய் தீர்க்கும் என்று நம்பாதே என்பது ஒன்று. மருந்துக்குச் செய்யும் சோதனைகள் இதற்குச் செய்யப்படவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதை நாம் மறந்துவிடுகிறோம்.

எனவே புட்டியைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எனக்கு இது குறைவாக இருக்கிறது என்று சோதித்து அறிந்தவர் யார்? இதில் உள்ளது முழுப்பொருளா, அதன் செறிவா, எத்தனை மில்லிகிராம்? இதனுடன் வேறு என்னென்ன உட்கொள்கிறேன்? உட்கொள்ளத் தொடங்கியபின் களைப்பு, பசியின்மை, குமட்டல், உடல் அரிப்பு, அடர் நிறச் சிறுநீர், கண்ணில் மஞ்சள் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். செல்லும்போது புட்டியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். 'வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?' என்று மருத்துவர் கேட்பார். 'இல்லை' என்பதே பலரது விடை. சத்து மாத்திரையை அவர்கள் மருந்தாக எண்ணுவதில்லை. அந்த ஒரு விடையால் நாள்கள் வீணாகின்றன.

உணவு, மருந்து என்ற பிரிவு மனிதர் வகுத்தது. ஆண்டுக்கு ஆண்டு, நாட்டுக்கு நாடு அது மாறியிருக்கிறது. கல்லீரலின் நொதிகளுக்கு அந்தப் பிரிவு தெரியாது. தம்மிடம் வரும் மூலக்கூறு எது, எவ்வளவு என்பதை மட்டுமே அவை அறியும். நாமும் அவ்வாறே கேட்கப் பழகுவது நல்லது.